ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் சகோத்ராச் சாறும்

நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசத் தெரியாதவள் நான். தாராவியில் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது ரேஷன் கடையில் கையெழுத்துப் போடவும் பிள்ளைகளின் பள்ளிக்கூட டைரியில் எழுதவும்தான். அப்படிப்பட்டவள் ஒரு நோயைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாருக்காவது தோன்றினால் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சந்தில் பி.பி. மாத்திரை இல்லாத வீடே இல்லை. நோன்பு மாதத்தில் பழச்சாறு இல்லாத வீடும் இல்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் பெயர் மைமூன்.

எங்கள் வீடு ஏணி வீடு. கீழே என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். மேலே ஒரே அறையில் நாங்கள் இருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் குடத்தோடும் குழந்தையோடும் ஏறி இறங்கியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அடிக்கடி தலைவலி வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் பி.பி. பார்த்துவிட்டு, மேல் எண்ணும் கீழ் எண்ணும் கூடுதல் என்றார். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் மேல் எண். இதயம் ஓய்ந்து விரியும்போது இருப்பது கீழ் எண். ரத்தக் குழாய்கள் இறுகிப்போயிருக்கின்றன, அவற்றைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு மாத்திரை எழுதினார். காலை டீக்குப் பிறகு ஒன்று. அதைப் போட்டதும் தலைவலி போனது. கணுக்கால் மட்டும் லேசாக வீங்கும். அதெல்லாம் சகஜம் என்றார்.

நோன்பு வந்தபோது மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்டேன். நோன்பு திறக்கிற நேரத்தில் போடுங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரரின் தங்கை ரஹ்மத் சான்பாடாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு வாஷி பழ மார்க்கெட்டில் வேலை. நோன்புக்கு முந்தின வாரம் ஒரு சாக்குப் பை நிறைய சகோத்ரா கொண்டுவந்தாள். ஊர்ப்பக்கம் பம்பளிமாஸ் என்பார்களே, அதுதான். குழந்தைத் தலை அளவு இருக்கும். உள்ளே ரோஸ் நிறச் சுளை.

"மைனி, இது பி.பி.க்கு ரொம்ப நல்லதாம். ரத்தக் குழாய சுத்தமா வச்சுக்கிடுமாம். போன்ல வந்துச்சு. கடையில விக்கிற சர்பத்தெல்லாம் விட்டுப்போட்டு தெனமும் இதக் குடிங்க."

"இத யாரு உரிக்கது ரஹ்மத்?"

"நான் உரிச்சுத் தாரேன். அண்ணனுக்கு மட்டுமா நான் தங்கச்சி, ஒங்களுக்கும் தங்கச்சில்லா?"

சொன்னபடியே செய்தாள். அவளுக்கு வர முடிகிற நாளெல்லாம் வந்து, சுளையின் மேலிருக்கும் கசப்புத் தோலை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து, பிழிந்து, ஐஸ் போட்டு வைப்பாள். வராத நாளில் நான் பிழிந்துகொள்வேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம். பிறகு மாத்திரை. அதை விழுங்க ஒரு டம்ளர் சகோத்ராச் சாறு. நாள் முழுதும் காய்ந்து கிடந்த தொண்டைக்கு அது இறங்குகிற சுகம் நோன்பு வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

சில நாளிலேயே முகம் சூடாகச் சிவக்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. எழுந்தால் கண் இருட்டியது. நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் நோன்பு திறந்து, கஞ்சியும் குடித்துவிட்டு, அந்தித் தொழுகையான மஃரிபு தொழ மேலே ஏறினேன். ஏணியின் பாதியில் கம்பி கைக்குள் இருப்பது தெரியவில்லை. பட்டறையில் தையல் மெஷின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. அவ்வளவுதான் நினைவு.

கீழே அடுக்கியிருந்த தோல் கட்டின்மேல் விழுந்ததால் மண்டை பிழைத்தது. நெற்றியில் தையல் போட்டார்கள். செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் கொண்டுபோனார்கள். அங்கே பி.பி. பார்த்த நர்ஸ் இன்னொரு முறை பார்த்தார். பிறகு வேறு மெஷின் கொண்டுவந்து பார்த்தார். மேல் எண்ணே எண்பதைத் தாண்டவில்லை.

அன்று ராத்திரி மாத்திரை எதுவும் தராமல் உப்புநீர் டிரிப் ஏற்றினார்கள். நோன்பை நிறுத்தச் சொன்னார்கள். நோயாளிக்கு அந்தச் சலுகை உண்டு என்பதால் நிறுத்தினேன். அடுத்த ஒரு நாளும் மாத்திரை இல்லை. பி.பி. ஏறத் தொடங்கியது. அதனால் அதே மாத்திரையில் பாதி அளவு எழுதினார்கள். வழக்கம்போல மாலையில் போடட்டும் என்றார் டூட்டியில் இருந்த சின்ன டாக்டர். மெலிந்த மராத்திப் பெண். பம்பாய் இந்தியில் பேசுவார். நடக்கும்போதே ஓடுவதுபோல இருக்கும்.

என் வீட்டுக்காரர் மாலையில் பட்டறையை மூடிவிட்டு வருவார். ரஹ்மத் சான்பாடாவில் ரயில் ஏறினால் நேரே செம்பூர். இரண்டு பேரும் நோன்பாளிகள். விசிட்டிங் நேரமும் நோன்பு திறக்கிற நேரமும் ஒன்றாகவே வந்தது. கட்டில் ஓரத்தில் பேப்பர் விரித்து, பேரீச்சம்பழமும் பழத்துண்டும் வைப்பார்கள். ரஹ்மத் பிளாஸ்கைத் திறப்பாள்.

"நீங்க நோன்பு வைக்காட்டி என்ன மைனி? எங்களோட சேந்து திறங்க. டிரிப் போட்ட ஒடம்பு, தெம்பு வேணும்லா."

பாங்கு சொல்ல என் வீட்டுக்காரரின் போனில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது ஒலித்ததும் நானும் அவர்களோடு பிஸ்மில்லாஹ் சொல்லி, பாதி மாத்திரையை வாயில் போட்டு, அந்தச் சாற்றைக் குடித்தேன்.

அன்று இருட்டுகிற நேரத்தில் மறுபடியும் விழுந்தது. இந்த முறை நான் விழவில்லை, படுத்துத்தான் இருந்தேன். பி.பி. விழுந்தது. கூரை மின்விசிறி மெல்ல மெல்லக் கறுத்தது. கால் பக்கம் கட்டிலை உயர்த்தினார்கள். யாரோ என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, நாக்கு வரவில்லை. மௌத்து, சாவு, இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். கலிமாவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாதியில் அது மறந்துபோனதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து சோதனைகள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசை தடவி இதயம் ஆடுவதை டிவியில் பார்த்தார்கள், அதற்கு எக்கோ என்று பெயர். கழுத்து ரத்தக் குழாயையும் அப்படியே பார்த்தார்கள். ஒரு சின்ன பெட்டியை வயர்களோடு நெஞ்சில் ஒட்டி ஒரு நாள் முழுக்கச் சுமக்க வைத்தார்கள். அது ஒவ்வொரு துடிப்பையும் பதிந்துகொள்ளுமாம். காத்திருக்கும் அறையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். என் பெயர் வரும்வரை வராதா என்று இருக்கும், வந்ததும் ஏன் வந்தது என்று இருக்கும். பணம் கட்டும் ஜன்னலுக்குப் போய்வந்தால் என் வீட்டுக்காரர் ரசீதைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு, "கேன்டீன்ல டீ சுமாரா இருக்கு" என்பதுபோல ஏதாவது சொல்வார். நான் கேட்பதில்லை.

டாக்டர்கள் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள். வேறு மாத்திரை உண்டா? நாட்டு மருந்து? புகையிலை? பல்லில் தேய்க்கும் மிஸ்ரிப் பொடி? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என்ன சாப்பிடுவீர்கள் என்றார்கள். கஞ்சி, பழம் என்றேன். பழம் என்று எழுதிக்கொண்டார்கள். ரஹ்மத் பிழிந்து தரும் சாறு மருந்தென்று அவளுக்குத் தோன்றியதே தவிர எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அது அவள் பிரியம்.

பெரிய டாக்டர் வந்து தாள்களைப் புரட்டினார். "பாதி மாத்திரைக்கு இவ்வளவு இறங்காது. வேறு ஏதோ இருக்கிறது. நிறுத்தினால் பி.பி. ஏறுகிறது, அதனால் பாதி மாத்திரை தொடரட்டும்" என்றார். நெஞ்சு வேகமாக அடிப்பதும் ஈ.சி.ஜி.யில் ஒரு கோடும் அவருக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை ஆஞ்சியோ செய்வோம் என்றார். கையில் ஒரு ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, சாயம் செலுத்தி, அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. அடைப்பு இருந்தால் அங்கேயே ஸ்பிரிங் வைக்கலாம் என்றார். கையெழுத்துப் போடும்போது என் பெயரின் கடைசி எழுத்து கோணிப்போனது.

அதற்குப் பிறகு எனக்குச் சாயங்காலம் என்றாலே பயம். வெளியே வெயில் மஞ்சளாகும்போதே உள்ளங்கை குளிர்ந்துவிடும். வாழ்நாள் முழுதும் நோன்பில் எந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேனோ அதே பாங்குச் சத்தத்துக்கு இப்போது என் உடம்பு நடுங்கியது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன நினைப்பார்கள்?

பக்கத்துக் கட்டிலில் சாரதா மாமி இருந்தார். மாட்டுங்காவில் பல வருடம் இருந்த பாலக்காட்டுக்காரர். மகன் அணுசக்தி நகரில் இருப்பதால் இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். சர்க்கரை, பி.பி., கொழுப்பு எல்லாம் உண்டு. சின்ன டாக்டர் அவரை ஆஜி, அதாவது பாட்டி, என்று கூப்பிடுவார். என்னைப் பேச வைத்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏண்டிம்மா மைமூன், உன் ஆத்துக்காரர் போன் கத்தித்துன்னாதான் எனக்கு மணி தெரியறது. அந்த ரோஸ் ஜூஸ் தினம் தினம் என்னைப் பார்த்துண்டே உள்ள போறதே, எனக்கு ஒரு வாய் கிடையாதா?"

நோன்பு திறக்கும்போது பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுக்காமல் நாங்கள் குடிப்பதில்லை. நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்பதால் தயங்கினோம். ரஹ்மத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சீனி போடலை மாமி. பயப்படாம குடிங்க."

"சீனி போட்டாலும் குடிப்பேன். என் மாட்டுப்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ."

அன்றும் மறுநாளும் மாமிக்கு அரை டம்ளர் போனது. புதன்கிழமை, அதாவது ஆஞ்சியோவுக்கு முந்தின நாள், முழு டம்ளர் கேட்டு வாங்கினார்.

அந்தப் புதன்கிழமை மாலை சின்ன டாக்டர் வார்டுக்குள் வந்த நேரமும் போன் பாங்கு சொன்ன நேரமும் ஒன்று. என் உள்ளங்கையில் பாதி மாத்திரை இருந்தது. என் வீட்டுக்காரர் கூச்சத்தோடு எழுந்து, நோன்பு திறக்கிற நேரம், கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தன் டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"மேடம், தோடா லீஜியே. இஃப்தார் கா டைம் ஹை."

அவர் மறுக்கப் பார்த்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். மூக்கருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"இது என்ன பழம்? சாத்துக்குடியா?"

"சகோத்ரா மேடம்" என்றாள் ரஹ்மத். "பி.பி.க்கு நல்லதுன்னு தினமும் பிழிகிறேன்."

"தினமுமா? இங்கே வந்த பிறகுமா?"

"ஆமா. இதோடதான் அவங்க மாத்திரை போடுறாங்க" என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ நல்ல பழக்கத்தைச் சொல்கிறவர்போல.

டாக்டர் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். என் பக்கத்தில் வந்து, உள்ளங்கையை விரித்து, அந்தப் பாதி மாத்திரையை எடுத்துக்கொண்டார். திரும்பியவர் மாமியைப் பார்த்தார்.

"ஆஜி! அதைக் குடிக்காதீங்க!"

மாமி காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். "முடிஞ்சுபோச்சே டாக்டர்."

எனக்கு உயிர் போய்விட்டது. என் பயம் எல்லாம் ஒரு நொடியில் அந்தக் கட்டிலுக்கு மாறியது. என்ன தப்பென்று தெரியாது, ஆனால் எனக்கு நடந்தது இனி அவருக்கு நடக்கும், என் டம்ளரில் குடித்ததால் நடக்கும் என்று மட்டும் தெரிந்தது. டாக்டர் மாமியின் மருந்துத் தாளை எடுத்து விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது.

"பி.பி. மாத்திரை வேறு வகை. அதற்குப் பயமில்லை. கொழுப்பு மாத்திரைதான் இதோடு சேராது. இன்றைக்கு அது வேண்டாம். கால் கை வலித்தால் உடனே சொல்லணும், ஆஜி. நர்ஸ் அடிக்கடி வந்து பார்ப்பாங்க."

"ஒரு டம்ளர் ஜூஸுக்கு இத்தனை போலீஸா?" என்றார் மாமி.

பிறகு டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நாம் விழுங்கும் மாத்திரை முழுதும் ரத்தத்தில் சேர்வதில்லை. குடலின் சுவரில் ஒரு பொருள் இருக்கிறது. என் மாத்திரை போன்ற சிலவற்றில் ஒரு பெரிய பங்கை அது வழியிலேயே உடைத்து அழித்துவிடும். அந்தக் கழிவையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார்கள்.

"தோல் வாங்குத மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. "வெட்டுதப்ப வேஸ்டேஜ் போவும்னுதான் கூட வாங்குதோம்."

சகோத்ராவில் உள்ள ஒரு சத்து, குடல் சுவரில் இருக்கும் அந்தப் பொருளைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அப்போது கழிவே போகாமல் மாத்திரை முழுதும் ரத்தத்துக்குள் ஏறிவிடும். பாதி மாத்திரை ஒன்றரை மாத்திரையின் வேலையைச் செய்யும். குழாய்கள் அளவுக்கு மேல் தளர்ந்து, தலைக்கு ரத்தம் ஏறாமல் போகும். அதை ஈடுகட்டத்தான் நெஞ்சு அப்படி அடித்திருக்கிறது. குடல் அந்தப் பொருளை மறுபடி உண்டாக்கச் சில நாள் ஆகும். அதனால் சாற்றைக் காலையிலும் மாத்திரையை மாலையிலும் எடுத்தாலும் தப்பிக்க முடியாது.

"பழம் கெட்டதில்லை" என்றார், ரஹ்மத்தைப் பார்த்தே. "இந்த வகைப் பழங்களில் இருக்கும் சில சத்துகள் ரத்தக் குழாய்க்கு நல்லது என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் குடியுங்கள். இவர் குடிக்கக் கூடாது. கிரேப்ஃப்ரூட் என்று விற்பதும் கூடாது. சாத்துக்குடியும் சாதாரண ஆரஞ்சும் பரவாயில்லை."

மாத்திரையின் பெயரை நான் எழுதவில்லை. எல்லா மாத்திரைக்கும் இப்படி ஆவதில்லையாம். அவரவர் மாத்திரைக்கு அவரவர் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அதுவும் ஆபத்து.

டாக்டர் போன பிறகு ரஹ்மத் பிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அதுவரை அவள் நோன்பு திறக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அப்ப மைனிய ஏணியில இருந்து நாந்தான் தள்ளிவிட்டிருக்கேன்" என்றாள்.

"ஏளா, கிறுக்கு மாதிரி பேசாத. தண்ணியக் குடி மொதல்ல" என்றார் அவள் அண்ணன்.

ஊசி குத்தியிருந்த கையாலேயே ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அழுதுகொண்டே மென்றாள்.

ஆஞ்சியோவைப் பெரிய டாக்டர் தள்ளிவைத்தார். ரத்து செய்யவில்லை, தள்ளித்தான் வைத்தார். "சாறு உடம்பைவிட்டுப் போகட்டும். பிறகு மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்துப் பார்ப்போம். அப்போதும் விழுந்தால் குழாய் விட்டுப் பார்ப்பதுதான் வழி" என்றார். எனவே பயம் போகவில்லை, தேதிதான் மாறியது. இடையில் என் பி.பி. ஏறியது, வேறு மருந்தால் பிடித்து வைத்தார்கள். மாமிக்குக் கால் கை வலி எதுவும் வரவில்லை. அவர் ஒவ்வொரு முறை கட்டிலில் புரளும்போதும் நான் எழுந்து பார்ப்பேன். "உசிரோடதான் இருக்கேன், படுத்துக்கோ" என்பார்.

மாத்திரை மறுபடி கொடுத்த அன்று மாலை சின்ன டாக்டர் டூட்டி முடிந்தும் போகாமல் நின்றார். பாங்கு சொன்னது. உள்ளங்கை வழக்கம்போலக் குளிர்ந்தது. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். ரஹ்மத் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது எப்போது கறுக்குமென்று. நர்ஸ் பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், விட்டார். சிறிது நேரம் கழித்து மறுபடி. பிறகு மறுபடி.

"எழுந்து நில்லுங்க" என்றார் டாக்டர்.

நின்றேன். மின்விசிறி வெள்ளையாகவே இருந்தது. நர்ஸ் எண்ணைச் சொன்னார். மேல் எண் நூற்று இருபத்தெட்டு. டாக்டர் அதை எழுதிக்கொண்டு, "நோன்பு திறந்தீங்களா?" என்று ரஹ்மத்தைக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையில் தண்ணீரோடு மாத்திரை போட்டு, கஞ்சி குடித்தேன். மஃரிபு தொழ ஏணியில் ஏறினேன். ரஹ்மத் கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.